சாலரி: உப்பில் பிறந்த சொல், உப்பாக வராத ஊதியம்

ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் ஆங்கிலத்தில் சம்பளத்துக்குச் ‘சாலரி’ என்று பெயர் வந்தது என்ற செய்தியைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. பொது அறிவுத் துணுக்காகவும், ஒன்றாம் தேதியானால் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவலாகவும், மேடையில் கைதட்டல் வாங்கித் தரும் வரியாகவும் அது நெடுங்காலமாக நடமாடுகிறது. தமிழில் அதற்கு ஓர் இணைப்பும் உண்டு. சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் கூலியாகக் கொடுத்ததால் ‘சம்பளம்’ என்ற சொல் பிறந்தது என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது, உப்புக்கும் உழைப்புக்கும் உலகம் முழுவதும் ஒரே உறவு என்று கேட்பவருக்குத் தோன்றிவிடுகிறது.

சாலரி பற்றிய அந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாலரி என்ற சொல் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்பது ஒன்று. ரோமில் ஊதியத்தை உப்பாக அளந்து கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. முதற்கூற்றில் ஐயப்பட ஏதுமில்லை. இரண்டாவதற்கோ பழைய ரோமானிய நூல் எதிலும் சாட்சி இல்லை. முதற்கூற்றின் உறுதியைக் கடன் வாங்கிக்கொண்டுதான் அது உலவுகிறது. இரண்டையும் பிரித்து வைத்துவிட்டுப் பழைய பதிவுகளைப் படித்தால், இன்னும் சுவையான ஒரு வரலாறு வெளிப்படுகிறது. இலத்தீனில் சாலரியின் மூலமாக இருந்த சொல் தொடக்கத்தில் கூலியைக் குறித்த சொல்லாகவே தெரியவில்லை. பயணப்படி, அகவிலைப்படி என்று நாம் சொல்லும்போது வருகிறதே ‘படி’, அந்த இனத்தைச் சேர்ந்த சொல்லாகவே அது தோன்றுகிறது.

சாலரி இங்கிலாந்துக்கு ரோமிலிருந்து நேராகப் போய்ச் சேரவில்லை. 1066இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கியது. அந்தப் பிரெஞ்சின் வழியாக 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் இடம்பிடித்தது. இன்றைய பிரெஞ்சில் அது ‘சலேர்’. இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் ‘சலாரியோ’. இவை எல்லாவற்றுக்கும் தாய், ‘சலாரியம்’ என்ற இலத்தீன் சொல். உப்பு என்று பொருள்படும் ‘சால்’ என்ற பெயரிலிருந்து ‘உப்பைச் சார்ந்த’ என்ற பொருளில் ஒரு பெயரடை உண்டாகி, அந்தப் பெயரடையே தனித்து நின்று பெயர்ச்சொல்லாக இறுகியதுதான் சலாரியம்.

சால் என்ற அந்த ஓரசைச் சொல்லின் சுற்றம் பெரிது. ஆங்கிலத்தின் ‘சால்ட்’, ஜெர்மனின் ‘ஸால்ட்ஸ்’, ரஷ்யனின் ‘சோல்’, ஐரிஷின் ‘சலன்’ எல்லாம் உப்புதான். கிரேக்கத்தில் இது ‘ஹால்ஸ்’ என்றும், வேல்ஸ் மொழியில் ‘ஹாலென்’ என்றும் சகரம் ஹகரமாகித் தோன்றுகிறது. அந்த மாற்றம் தற்செயலானதன்று. இலத்தீனில் ஏழு ‘செப்டெம்’, கிரேக்கத்தில் ‘ஹெப்டா’. இலத்தீனில் ‘சூப்பர்’, கிரேக்கத்தில் ‘ஹைப்பர்’. இப்படி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழும் ஒலிமாற்றங்களை வைத்துத்தான், எழுத்தில் எங்கும் பதிவாகாத மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் உப்புக்கு ஒரு வேர்ச்சொல் இருந்தது என்று மொழியியலாளர் மீட்டெடுக்கிறார்கள். கிரேக்க ஹால்ஸிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வேதியியலில் பிறந்ததுதான் ஹாலஜன் என்ற சொல். ‘உப்பை ஈனுவது’ என்பது அதன் நேர்ப்பொருள் என்பதை நம்முடைய ‘உப்பீனி’ என்ற கலைச்சொல் அழகாகக் காட்டிவிடுகிறது. சமஸ்கிருதத்தின் லவணம் இந்த வேரைச் சேர்ந்ததன்று; நம் உப்புக்கோ குடும்பமே வேறு.

இங்கே கவனிக்க வேண்டியது, சால்ட்டும் சாலரியும் ஆங்கிலத்தில் தாயும் மகளும் அல்ல என்பது. சால்ட், ஜெர்மானிய வழியில் பரம்பரைச் சொத்தாக வந்த சொல். சாலரி, இலத்தீன் வீட்டில் பிறந்து பிரெஞ்சு வழியாகக் கடனாக வந்தது. ஒரே பாட்டியின் இரு கிளைகள் பல நூற்றாண்டுகள் கழித்து ஒரே தீவில் மறுபடி சந்தித்துக்கொண்டன என்று சொல்லலாம். உப்புப் போட்டது என்ற பொருளிலிருந்து வந்த சாலட், சாஸ், சாசேஜ் ஆகியவையும் அந்த இலத்தீன் கிளையினரே. மேசையில் வைக்கும் உப்புக் கிண்ணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சால்ட் செல்லர்’ என்ற தொடரில் இரு கிளைகளும் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கின்றன; அதில் வரும் செல்லர், உப்புக் கிண்ணம் என்றே பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. நாம் ஆங்கில ‘கேட்’டையும் தமிழ் வாசலையும் சேர்த்துக் ‘கேட்டு வாசல்’ என்பது போலத்தான்.

சொல்லின் பிறப்பு இவ்வளவு தெளிவு. உப்பு ஊதியக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவதெல்லாம் மூத்த பிளினி எழுதிய ஒரே ஒரு வரி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன இந்த ரோமானிய அதிகாரி, இயற்கையைப் பற்றி 37 பகுதிகள் கொண்ட பெருந்தொகுப்பு ஒன்றை எழுதினார். அதன் 31ஆம் பகுதியில் உப்பைப் பற்றிப் பேசும்போது, நாகரிகமான வாழ்க்கை உப்பில்லாமல் நடக்காது என்கிறார். மனத்தின் இன்பத்துக்குக்கூட உப்பின் பெயரே வழங்குகிறது, நகைச்சுவையை நாம் உப்பு என்ற சொல்லாலேயே குறிக்கிறோம் என்கிறார். அதற்கு அடுத்தபடியாகத்தான், பதவிகளிலும் படைத்துறையிலும்கூட உப்பு இடம்பெறுகிறது, சலாரியம் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது என்று சொல்லிச் செல்கிறார். முன்னோர் உப்பை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு, ரோமின் அண்டையிலிருந்த சபைன் நாட்டுக்கு உப்புக் கொண்டுசெல்லப்பட்ட சலாரியா சாலையின் பெயரையும், அங்கஸ் மார்சியஸ் என்ற பழைய அரசன் மக்களுக்கு 6,000 மோடியஸ் அளவு உப்பைக் கொடையாக வழங்கிய செய்தியையும் சேர்த்துக்கொள்கிறார்.

அந்தப் பத்தியை நிதானமாகப் படித்தால், பிளினி சொல்வது சொற்பிறப்பு மட்டுமே என்பது புலப்படும். வீரர்களுக்கு உப்பு அளந்து கொடுக்கப்பட்டது என்று அவர் எழுதவில்லை. தம் காலத்தில் புழங்கிய ஒரு சொல்லுக்குள் உப்பு ஒளிந்திருக்கிறதே என்று வியப்பதுதான் அவருடைய நோக்கம். உப்புக்கு மனித வாழ்வில் இருக்கும் பெருமையை நிறுவ அவர் அடுக்கும் எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. உண்மையிலேயே வீரர்கள் உப்பையே ஊதியமாகப் பெற்றிருந்தால், அதைவிட வலுவான எடுத்துக்காட்டு அவருக்கு வேறென்ன கிடைத்திருக்கும்? குதிரைப்படை அதிகாரியாகப் பணியாற்றியவருக்கு அந்தச் செய்தி தெரியாமல் போயிருக்கவும் வழியில்லை. சலாரியா சாலையைக் காவல் காத்த வீரர்களுக்குக் கொடுத்த கூலியே சலாரியம் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. பிளினியின் வாக்கியத்தில் சாலையும் சொல்லும் அருகருகே நிற்பதைத் தவிர அதற்கு வேறு பிடிமானம் தெரியவில்லை.

ரோமானியப் படையின் ஊதியத்துக்குத் தனிப்பெயர் இருந்தது. அது ‘ஸ்டிபெண்டியம்’, காசு என்ற சொல்லும் நிறுத்தல் என்ற சொல்லும் சேர்ந்து உண்டான பெயர் அது. இன்றைய ஆங்கிலத்தின் ‘ஸ்டைபெண்ட்’ அதன் வாரிசு. கி.மு. 406இல்தான் முதன்முதலாக அரசுக் கருவூலத்திலிருந்து வீரர்களுக்கு ஊதியம் வழங்க ரோமானிய செனட் முடிவு செய்தது என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அதற்கான வரியைச் செலுத்த முன்வந்த செல்வர்களில் சிலர், அப்போது வெள்ளி நாணயம் இல்லாததால், கனமான வெண்கலத்தை வண்டிகளில் ஏற்றிக் கருவூலத்துக்குக் கொண்டுபோனார்களாம். ஊர்வலம் போன வண்டிகளில் இருந்தது உலோகம். உப்பு மூட்டை அன்று.

அடுத்து வந்த நூற்றாண்டுகளின் பதிவுகளும் காசைத்தான் பேசுகின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கிரேக்க நாணயங்களில் தரும் கணக்குப்படி காலாட்படை வீரனுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஓபோல், குதிரை வீரனுக்கு ஒரு டிராக்மா. உணவுத் தானியம், உடை, கூடுதல் ஆயுதம் ஆகியவற்றின் விலை ரோமானிய வீரனின் ஊதியத்தில் கழிக்கப்பட்டது என்றும் அவர் சொல்கிறார். ஜூலியஸ் சீசர் ஊதியத்தை இரட்டிப்பாக்கியபின் அது ஆண்டுக்கு 225 தினாரியஸ் வெள்ளிக்காசு ஆயிற்று. பேரரசர் டொமிஷியன் அதை 300 ஆக உயர்த்தினார். கி.பி. 14இல் பேரரசர் அகஸ்டஸ் இறந்த செய்தி கேட்டுப் பனோனியா மாகாணத்தில் கலகம் செய்த வீரர்களின் குறைகளை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் விரிவாக எழுதியிருக்கிறார். உயிருக்கும் உடலுக்கும் நாளொன்றுக்குப் பத்து அஸ் சில்லறைக்காசு என்று விலை வைத்திருக்கிறார்கள், அதற்குள் உடை, ஆயுதம், கூடாரம் எல்லாம் வாங்க வேண்டும், போதாக்குறைக்குக் கொடுமைக்காரத் தலைவர்களுக்கு லஞ்சமும் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கொதிக்கிறார்கள். வாய்விட்டுப் புலம்பும் அந்தப் பட்டியலில் உப்பு இல்லை.

இதைவிட நெருக்கமான சாட்சி எகிப்திலிருந்து கிடைத்திருக்கிறது. கி.பி. 81ஐச் சேர்ந்த, இன்று ஜெனீவாவில் இருக்கும் ஒரு பப்பைரஸ் ஏடு, இரண்டு ரோமானிய வீரர்களின் வரவு செலவுக் கணக்கைத் தாங்கியிருக்கிறது. ஒரு தவணைக்கு 248 டிராக்மா வரவு. அதிலிருந்து வைக்கோலுக்கு ஒரு தொகை, உணவுக்கு 80, செருப்புக்கும் கால்பட்டைக்கும் 12, முகாமில் நடந்த சாட்டர்னாலியா விழாவுக்கு 20 என்று ஒவ்வொன்றாகப் பிடித்தம். பிடித்தம் போகக் கையில் நின்ற மீதி அவர்கள் பெயரில் வைப்பாக எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய சம்பளச் சீட்டைப் பார்த்து நொந்துகொள்கிறவர்கள், 1,900 ஆண்டுகளுக்கு முந்திய இந்தச் சீட்டைப் பார்த்தால் ஓரளவு ஆறுதல் அடையலாம். வரவிலும் உப்பு இல்லை, பிடித்தத்தில் உப்புக்கென்று தனி வரியும் இல்லை. ரோமானிய பிரிட்டனின் வட எல்லையில், விண்டொலாண்டா கோட்டையின் ஈர மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட மரச்சில்லுக் கணக்குகளில் உப்பு வருகிறது. ஆனால் அங்கே அது பார்லி மது, பன்றிக் கொழுப்பு போன்றவற்றோடு வாங்கிய சரக்குகளின் வரிசையில் நிற்கிறது.

உப்பு ஊதியக் கதையைத் தாங்கி நிற்கும் இன்னொரு கால், அந்தக் காலத்தில் உப்பு தங்கத்துக்கு நிகரான விலையுடையது என்ற நம்பிக்கை. ரோமைப் பொறுத்தவரை இது தவறு என்று காட்ட அங்கிருந்தே எண்கள் கிடைக்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பண்ணை நடத்துவது பற்றி எழுதிய கேட்டோ, ஓர் அடிமைக்கு ஓர் ஆண்டுக்கு ஒரு மோடியஸ் உப்புப் போதும் என்கிறார். மோடியஸ் என்பது ஏறத்தாழ ஒன்பது லிட்டர் கொள்ளும் முகத்தலளவை. கி.பி. 301இல் பேரரசர் டியோக்ளீஷியன் பிறப்பித்த விலைக் கட்டுப்பாட்டு ஆணையில், வழக்கமான மோடியஸைவிடப் பெரிதான படை மோடியஸ் அளவுக்கு உப்பின் உச்ச விலை 100 தினாரியஸ். அதே அளவு கோதுமைக்கும் அதே 100தான். உணவோடு சேர்த்துப் பண்ணைக் கூலியாளுக்கு நாட்கூலி 25 தினாரியஸ்; சீசர் காலத்தை நோக்கத் தினாரியஸின் மதிப்பு அதற்குள் வெகுவாகச் சரிந்திருந்தது. ஆக, நான்கு நாள் கூலியில் ஒரு தொழிலாளி ஓர் ஆண்டுக்கு மேலாக வரக்கூடிய உப்பை வாங்கிவிடலாம். ஊதியம் முழுவதையும் உப்பாகக் கொடுத்திருந்தால் அவன் வீட்டில் உப்பைத் தவிர வேறெதற்கும் இடமிருந்திருக்காது.

கோதுமையும் உப்பும் ஒரே அளவுக்கு ஒரே விலை என்ற அந்த ஆணையைப் படிக்கும்போது, தமிழ் வாசகருக்கு அகநானூற்றின் 140ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. உப்பு விற்கும் உமணரின் மகள் சேரியில் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று விலை கூவிப் போகிறாள். நெல்லுக்குச் சமமாக உப்பு, அளவுக்கு அளவு. தொடர்பில்லாத இரண்டு நாடுகளிலும் உப்பு தானியத்தோடு தோளொட்டி நின்றதேயன்றித் தங்கத்தின் பக்கத்தில் நிற்கவில்லை. எல்லோருக்கும் தேவை என்பதால் அரசுகளின் கண் உப்பின் மேல் எப்போதும் இருந்தது என்பது உண்மை. கி.மு. 204இல் ரோமில் குடிமக்கள் கணக்கெடுப்பை நடத்திய சென்சர் என்ற அதிகாரிகள் உப்பின் மேல் புதிய வரி விதித்தபோது மக்களிடையே எழுந்த கசப்பு, அவர்களில் ஒருவரான மார்கஸ் லிவியஸுக்கு ‘சாலினேட்டர்’, அதாவது உப்புக்காரர், என்ற பட்டப்பெயரையே ஒட்டிவைத்துவிட்டது என்கிறார் லிவி. ஆனால் அதுவரை ரோமில் உப்பு ஒரு அஸ் நாணயத்தில் ஆறில் ஒரு பங்குக்கு விற்றது என்றும் அவரே குறிப்பிடுகிறார்.

அப்படியானால் சலாரியம் என்ற பெயர் எப்படி வந்தது? விடையை உப்பில் தேடுவதைவிட அந்தச் சொல்லின் வாலில் தேடுவது பயன் தரும். இலத்தீனில் ‘ஆரியம்’ என்று முடியும் சொற்களில் ஒரு கூட்டம், குறிப்பிட்ட ஒரு தேவைக்காகக் கொடுக்கப்படும் தொகையைக் குறிக்கிறது. செருப்புக்குக் கொடுப்பது கால்சியாரியம். உடைக்குக் கொடுப்பது வெஸ்டியாரியம். காலணியின் அடியில் அடிக்கும் ஆணிக்கு என்று கேட்டு வாங்குவது கிளாவாரியம். கி.பி. 69இன் உள்நாட்டுப் போரில் வீரர்கள் இந்த ஆணிக்காசைக் கேட்டு ஆரவாரம் செய்ததை டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கால்சியாரியம் பற்றி, பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சூட்டோனியஸ் சொல்லும் நிகழ்ச்சி இன்னும் நன்றாக இருக்கும். ஆஸ்டியா, புட்டியோலி துறைமுகங்களிலிருந்து ரோமுக்கு மாறிமாறிக் கால்நடையாக வரும் கடற்படையினர், நடந்து நடந்து செருப்புத் தேய்கிறது, செருப்புக்காசு வேண்டும் என்று பேரரசர் வெஸ்பாசியனிடம் விண்ணப்பித்தார்கள். கைச்சிக்கனத்துக்குப் பேர்போன அவர், இனிமேல் வெறுங்காலோடு ஓடிவாருங்கள் என்று ஆணையிட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர்கள் அப்படியே ஓடுகிறார்கள் என்று சூட்டோனியஸ் முடிக்கிறார்.

இந்தக் கூட்டத்தில் ‘காங்கியாரியம்’ என்றும் ஒன்று உண்டு. காங்கியஸ் என்பது எண்ணெயும் திராட்சை மதுவும் அளக்கும் முகத்தலளவை. அந்த அளவையால் மக்களுக்கு அளந்து கொடுத்த கொடைக்குக் காங்கியாரியம் என்று பெயர் வந்து, பின்னர் காசாகக் கொடுத்தபோதும் அதே பெயர் நீடித்தது. அளவையின் பெயர் கொடையின் பெயராவது நமக்குப் புதிதாகத் தோன்றாது. நெல் அளக்கும் படியும் அலுவலகத்தில் வாங்கும் படியும் நம் காதில் ஒரே சொல்லாகத்தான் விழுகின்றன. சலாரியத்தை இந்தக் குடும்பத்தில் வைத்துப் பார்த்தால், அது உப்பு வாங்குவதற்கென்று கொடுத்த சிறு தொகையாக, உப்புப்படியாக, இருந்திருக்க வேண்டும் என்ற ஊகம் இயல்பாகவே எழுகிறது. லூயிஸ், ஷார்ட் இருவரும் 1879இல் வெளியிட்ட புகழ்பெற்ற இலத்தீன் அகராதி, வீரர்களுக்கு உப்புக்காகக் கொடுத்த காசு என்றே இச்சொல்லின் முதற்பொருளை எழுதுகிறது. நியாயமான ஊகம்தான், இருந்தாலும் ஊகம். நமக்குக் கிடைக்கும் இலத்தீன் நூல்களில் சலாரியம் என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் உப்பின் வாசனை ஏற்கெனவே போய்விட்டது. ‘உப்புக்கான காசு’ என்பது ‘காசுக்குப் பதில் உப்பு’ என்று தலைகீழானது பின்னாளில் கதை சொன்னவர்களின் கைவண்ணம்.

உப்பு நீங்கிய அந்தச் சொல் யாருக்கு வழங்கியது என்பதே எனக்கு இந்த வரலாற்றில் மிகச் சுவையான பகுதி. பேரரசுக் காலத்து நூல்களில் சலாரியம் பெரும்பாலும் பெரிய மனிதர்களின் கைக்கே போகிறது. நல்ல குலத்தில் பிறந்து சொத்தை இழந்துவிட்ட செனட்டர்களுக்குப் பேரரசர் நீரோ ஆண்டுதோறும் சலாரியம் ஏற்படுத்தினார். சிலருக்கு அது 5,00,000 செஸ்டர்ஸ் காசு வரை போனது. பிரிட்டனை ஆண்ட தளபதி அக்ரிகோலா பிறகு ஒரு மாகாண ஆளுநர் பதவியை விட்டுக்கொடுத்தபோது, அத்தகையோருக்கு வழக்கமாக அளிக்கப்படும் சலாரியத்தை டொமிஷியன் அவருக்குக் கொடுக்கவில்லை என்று அவருடைய மருமகன் டாசிட்டஸ் மனக்குறையோடு எழுதுகிறார். கி.பி. 217இல் இதே போன்ற ஓர் ஆளுநருக்குப் பதவிக்குப் பதிலாக நீட்டப்பட்ட தொகை 10 லட்சம் செஸ்டர்ஸ் என்று வரலாற்றாசிரியர் டியோ காஸியஸ் குறிப்பிடுகிறார். சொல்லணி ஆசிரியர் குவிண்டிலியன் அரசுக் கருவூலத்திலிருந்து சலாரியம் பெற்றதை ஜெரோம் தம் காலவரிசையில் குறித்து வைத்திருக்கிறார்.

இவற்றுள் உப்புக் கதைக்கு நேரெதிராக நிற்கும் சாட்சி பேரரசர் டைபீரியஸ் பற்றியது. தம்மோடு பயணத்திலும் போரிலும் உடன்வந்தவர்களுக்கு அவர் சோறு மட்டும் போட்டார், சலாரியம் ஒருபோதும் கொடுத்ததில்லை என்று அவருடைய கஞ்சத்தனத்தைச் சூட்டோனியஸ் சாடுகிறார். உணவுப் பொருள் ஒரு பக்கம், சலாரியம் மறுபக்கம் என்று இரண்டும் எதிரெதிராக நிறுத்தப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியர் காதுக்கு, வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய எதுவும் சலாரியம் ஆகாது. வீரனுக்கு ஸ்டிபெண்டியம், கூலியாளுக்கு ‘மெர்செஸ்’, பதவிக்கும் அந்தஸ்துக்கும் சலாரியம் என்ற பாகுபாடு பொதுவாக நிலவியது. கூலி என்று சொன்னால் கௌரவக் குறைவாகக் கருதிய மேட்டுக்குடியினருக்கு, செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்ற பாவனையில் கொடுக்கப்படும் ஒரு தொகைக்கு உப்புப்படி என்ற பெயர் வசதியாக அமைந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

பேரரசு விழுந்தபின் அந்தப் பாவனை தேய்ந்தது. இடைக்கால ஐரோப்பாவின் இலத்தீன் ஆவணங்களில் சலாரியம் பொதுவான ஊதியச் சொல்லாகப் பரவுகிறது. பெருங்கொள்ளைநோயால் தொழிலாளர் அருகிக் கூலி ஏறியபோது, இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் 1349இல் பிறப்பித்த தொழிலாளர் ஆணை, கூலி, படி, வெகுமதி, சலாரியம் எதுவானாலும் தம் ஆட்சியின் 20ஆம் ஆண்டில் வழங்கிய அளவுக்கு மேல் யாரும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று எல்லாச் சொற்களையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்டின் ஆங்கிலக் கவிதையில் சோம்பல் என்னும் பாத்திரம் தன் பாவங்களை ஒப்புக்கொள்ளும்போது, வேலைக்காரர்களின் சாலரி சில சமயம் பாக்கி நின்றுவிடுகிறது என்று சொல்கிறது. ஆளுநர்களுக்கு லட்சக்கணக்கில் வழங்கிய சொல், வீட்டு வேலையாளுக்குத் தர வேண்டிய பாக்கிக்கு இறங்கிவந்திருந்தது. பின்னாளில் அது மறுபடி சற்று மேலேறி, மாதக் கணக்கில் வாங்குவது சாலரி, நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் வாங்குவது ‘வேஜ்’ என்ற பிரிவில் நிலைபெற்றது. நம் சம்பளத்துக்கும் கூலிக்கும் இடையில் இருக்கும் அதே படிநிலைதான்.

‘சோல்ஜர்’ என்ற சொல்லையும் சிலர் இந்த உப்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது சொலிடஸ் என்ற தங்க நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 என்ற கணக்கில் பேரரசர் கான்ஸ்டன்டைன் அடித்த நாணயம் அது. உப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உப்பே பணமாகப் புழங்கிய நாடுகள் இருந்தன என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. எத்தியோப்பியாவில் ‘அமோலே’ எனப்பட்ட உப்புக் கட்டிகள் பல நூற்றாண்டுகள் நாணயமாகவே கைமாறின. அங்கே நடந்ததை ரோமின் கணக்கில் எழுத முடியாது என்பதுதான் செய்தி. தகுதியுள்ள ஆளைத் ‘தன் உப்புக்கு ஈடானவன்’ என்று சொல்லும் ஆங்கில வழக்கும், உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நம் பழமொழியும், இந்தக் கதையைக் கேட்டவுடன் நம்பிவிடும் மனநிலையைத் தயாராக வைத்திருக்கின்றன.

அதே தயார்நிலைதான் சம்பளத்துக்கும் சம்பாவையும் அளத்தையும் தேடித் தந்தது. சம்பாவும் அளமும் புணர்ந்தால் தமிழ் இலக்கணப்படி இடையில் வகரம் தோன்றிச் சம்பாவளம் என்று ஆக வேண்டும். அதைத் தவிர்க்க, முதற்பகுதி சம்பா அன்று, சம்பு என்று சிலர் மாற்றிச் சொல்வதுண்டு. அப்போதும், அளம் இன்றைய வழக்கில் உப்பு விளையும் இடத்தைக் குறிக்கிறதேயன்றி அளந்து கொடுக்கும் உப்பைக் குறிப்பதில்லை என்ற இடர்ப்பாடு மிஞ்சுகிறது. தெலுங்கில் சம்பளமு, கன்னடத்தில் சம்பள என்று இதே சொல் இதே பொருளில் வழங்குவதை வைத்துப் பார்த்தால், விடையைத் தமிழ்நாட்டு வயலுக்கும் உப்பளத்துக்கும் உள்ளேயே தேடுவது போதாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதைச் சம்பல என்ற வடசொல்லோடு இணைக்கிறது. பாலியிலும் சமஸ்கிருதத்திலும் அச்சொல்லுக்கு வழிப்பயணத்துக்கான உணவு என்று பொருள். பழந்தமிழில் ஆற்றுணா என்று சொன்னது, நாம் கட்டுச்சோறு என்று சொல்வது.

ஆக, அகராதியாளர் ஊகம் சரியென்றால் ஒன்று உப்புக்குக் கொடுத்த காசு. மற்றொன்று வழிக்குக் கட்டிக்கொடுத்த சோறு. செய்த வேலைக்கு ஈடாக எண்ணி வைக்கும் கூலி என்ற பொருளில் இரண்டில் எதுவும் பிறக்கவில்லை. இன்றைய சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் மேல் வரியிலும், வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் அதற்குக் கீழேயும் தனித்தனியாக நிற்கின்றன. பிறப்பைப் பார்த்தால், மேல் வரியில் நிற்பதும் ஒரு படிதான்.